நெய்தவளுக்கு என்ன பங்கு?

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கு வித்திட்டவர்களைப் பேசும்போது குலாம் காதர் என்னும் முஸ்லிம் வணிகரின் பெயரை அவ்வூரார் முதலில் சொல்வர். கல்கத்தா இயந்திரங்களோடு தொடங்கிய அத்தொழில், இன்று வீட்டின் முன்னறையில் இரண்டு ஓவர்லாக் மிஷின்களைப் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் குடும்பங்கள் வரை பரவியிருக்கிறது. கடனும் ரசீதும் பெரும்பாலும் கணவன் பெயரில் இருக்கும். பிசிறு வெட்டி, மடித்து, கணக்கெழுதி, இரவில் தானும் மிஷினில் அமர்பவள் மனைவி. மணமுறிவு நேர்ந்தால் அந்த மிஷின்கள் யாருக்கு?

இஸ்லாமியச் சட்டம் கணவன் மனைவியரின் சொத்துகளை ஒன்றாகக் கலப்பதில்லை. மஹர் அவளுடையது, அவள் ஈட்டியதும் பெற்றோர் தந்ததும் அவளுடையவையே. இங்கிலாந்தில் மணமான பெண்ணின் தனிச் சொத்துரிமை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நிலைபெற்றது என்று மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். பெருமை சரியே. ஆனால் தனித்தனிச் சொத்து என்னும் விதி, பத்திரத்தில் பெயருள்ளவருக்கே சாதகமாகிவிடும் இடத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. முஸ்லிம் பெண்களுக்கான 1986ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மஹரையும் அவளுக்கு அளிக்கப்பட்ட பொருள்களையும் மீட்டுத் தருகிறது. இத்தாவுக்குள் செய்யப்படும் ஏற்பாடு அதற்குப் பிந்திய வாழ்வுக்கும் உரியதாக வேண்டும் என 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று. இருவரும் சேர்ந்து உழைத்து ஈட்டியதைப் பற்றி அச்சட்டம் எதுவும் கூறவில்லை.

ஃபிக்ஹ் மரபு இதை அறியாததன்று. மாலிக்கி மத்ஹபின் மூல நூல்களுள் ஒன்றான முதவ்வனா, மனைவி நெய்த துணி பற்றிய வழக்கையே எடுத்துப் பேசுகிறது. நூல் தன்னுடையது என்று கணவன் சொன்னால், சான்று தரவேண்டியவன் அவனே. 16ஆம் நூற்றாண்டில் மொராக்கோவின் மலைநாட்டில் வாழ்ந்த காழி இப்னு அர்தூன், அறுவடையில் பாடுபடும் பெண்களுக்கு விளைச்சலில் பங்குண்டு என ஃபத்வா வழங்கினார். 'கத்து, ஸிஆயா' என, அதாவது உழைப்பின் உரிமையென, அந்நாட்டார் இதை வழங்குவர். 2004ஆம் ஆண்டு மொராக்கோ குடும்பச் சட்டத்தின் 49ஆம் பிரிவும், முன் ஒப்பந்தம் இல்லாத இடத்தில் குடும்பச் செல்வம் பெருக இருவரும் ஆற்றிய பணியைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

நம் மாநிலத்திலும் ஒரு தீர்ப்பு உண்டு. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, சவூதி அரேபியாவில் உழைத்த கணவனின் வருமானத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைப் பேணிய மனைவிக்குச் சரிபாதி உண்டு என்றார். தம்பதியர் இந்துக்கள், வழக்கும் மணவிலக்கு வழக்கன்று. ஆகவே அதை அப்படியே முஸ்லிம் மணமுறிவுக்குப் பொருத்திவிட இயலாது. எனினும் இல்லத்தாளின் உழைப்பும் சொத்தை ஈட்டிய உழைப்பே என்ற அதன் காரணம் இப்னு அர்தூனுக்கு அந்நியமாய் இருந்திராது.

ஜமாஅத் பஞ்சாயத்துகளில் மஹரும் நகையும் எண்ணி முடிந்ததும் எழுந்துவிடுகிறோம். மிஷின்களைப் பற்றியும் கேட்க வேண்டும். கணக்கு நோட்டு யார் கையெழுத்தில் இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தால் முதற் சான்று அங்கேயே கிடைக்கும்.