குதிரை லத்தியிலிருந்து அட்டைப்பெட்டிக்கு

மேற்கு லண்டனின் சவுத்தாலில் சந்தை கூட்ட 1698-இல் அரசர் மூன்றாம் வில்லியம் சாசனம் கொடுத்தார். வாங்கியவர் பிரான்சிஸ் மெரிக். அந்தச் சந்தைக்கு ஆயுசு கெட்டி. பிராட்வேயில் ஜிலேபிக் கடைகளும் சேலைக் கடைகளும் வரிசைகட்டி, ரயில் நிலையப் பலகையில் குர்முகி எழுத்து ஏறிய பிறகும், புதன்கிழமை வந்தால் அங்கே குதிரை ஏலம் நடந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை நடந்தது. இன்று அதே ஊரில், சமையலறை ஜன்னலோரம் கிட் என்று விற்கும் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துத் தண்ணீர் தெளித்தால் சிப்பிக் காளான் முளைக்கிறது. குதிரைச் சந்தையும் காளான் பெட்டியும் தூரத்துச் சொந்தக்காரர்கள்.

காளான் வளர்ப்பு குதிரை வாலைப் பிடித்துக்கொண்டுதான் ஐரோப்பாவில் நுழைந்தது. கடைகளில் வெள்ளை வெளேரென்று கிடைக்கும் மொட்டுக் காளானுக்கு, வைக்கோல் கலந்து மட்கிய குதிரை லத்திதான் பிடித்த உணவு. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் தோட்டக்காரர்கள் முலாம்பழப் பாத்திகளுக்குப் போட்ட எருவில் அதை வளர்க்கப் பழகினார்கள். பிற்பாடு, கட்டடக் கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட சுரங்கங்களுக்குள் பாத்தியைக் கொண்டுபோனார்கள்.

லண்டனுக்கோ லத்தி ஒரு தலைவலி. ஊரே குதிரையில் ஓடிய காலத்தில் லாயங்களில் சேர்வதை எங்கே கொட்டுவது? 1801-இல் பாடிங்டன் கிளைக் கால்வாய் திறந்தது. சவுத்தாலின் ஓரத்தில், புல்ஸ் பிரிட்ஜ் என்ற இடத்தில் அது பெரிய கால்வாயோடு சேர்கிறது. நகரத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் கால்வாய் வழியாகவே லத்தி மேற்கு மிடில்செக்ஸ் காய்கறித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. லண்டனைச் சுற்றியிருந்த தோட்டக்காரர்கள் எருவை வெட்டவெளியில் நீள வரப்பாகக் குவித்து, மேலே வைக்கோல் போர்த்திக் காளான் எடுத்தார்கள். தோட்டக்கலை எழுத்தாளர் வில்லியம் ராபின்சன் 1870-இல் காளான் வளர்ப்புக்கென்றே ஒரு புத்தகம் எழுதி இந்த முறைகளைப் பதிவு செய்தார்.

வரப்பு சரி, வித்து எங்கே கிடைக்கும்? நம் கிட்டுக்குப் பாட்டன் இங்கேதான் பிறக்கிறான். குதிரை லத்தி, மாட்டுச் சாணம், மண் மூன்றையும் பிசைந்து செங்கல்லாக அறுத்து, அதற்குள் பூசண இழையை ஓடவிட்டு உலர்த்திவிடுவார்கள். காய்ந்த கல்லுக்குள் பூசணம் மாதக்கணக்கில் உறங்கும். வேண்டுபவர் வாங்கி, உடைத்து, ஈர எருவுக்குள் செருகினால் விழித்துக்கொள்ளும். இங்கிலாந்தின் விதைக் கடைகள் இந்தக் கல்லை விற்றன. கப்பலேறி அமெரிக்காவுக்கும் போயிற்று. கடினமான பாதியை விற்பவர் முடித்துக் கொடுப்பது, சுலபமான பாதியை வாங்குபவர் வீட்டில் செய்வது என்ற ஏற்பாடு இன்றைய அட்டைப்பெட்டிக்கு வெகுகாலம் முந்தியது.

கல்லில் ஒரு குறை இருந்தது. அதற்குள் எந்த வகைக் காளான் இருக்கிறது, அதோடு வேறென்ன பூசணம் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. 1894-இல் பாரிஸில் கோஸ்டாந்தினும் மாத்ருஷோவும் கிருமி நீக்கிய சுத்தமான வித்தைத் தயாரித்தார்கள். 1932-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜேம்ஸ் சிண்டன் தானியத்தில் வித்து வளர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வேகவைத்த தானியத்தில் இழை ஏறிவிட்டால் ஒவ்வொரு மணியும் தனி வித்து. கைநிறைய அள்ளித் தூவினால் ஒரே சமயத்தில் நூறு இடங்களிலிருந்து பூசணம் கிளம்பும், மற்றதற்கு இடம் இருக்காது. எருவும் குதிரையும் வித்திலிருந்து விடைபெற்றது இப்படித்தான்.

சிப்பிக் காளான் வந்தது வேறு வழியில். முதல் உலகப்போரின்போது ஜெர்மனி உணவுக்குத் திண்டாடியது. வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகளில் சிப்பிக் காளானை வளர்த்துக் காட்டினார் ரிச்சர்ட் ஃபால்க். அது 1917. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னினைக் கரைத்துத் தின்ன முடிந்த உயிர்கள் உலகில் குறைவு. சிப்பிக் காளான் அவற்றில் ஒன்று. லத்தி வேண்டாம், மட்கவைத்த எரு வேண்டாம், நார்ப்பொருள் எதுவானாலும் போதும்.

அந்தக் குணத்தைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டது நம் பக்கம். 1962-இல் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜகியா பானுவும் ஸ்ரீவாஸ்தவாவும் சிப்பிக் காளானை நெல் வைக்கோலில் வளர்க்கும் முறையை வெளியிட்டார்கள். அதுவரை காளான் என்றால் நம்மவருக்கு மழை கொடுப்பது. இடி இடித்த மறுநாள் கரையான் புற்றைத் தேடிப் போவார்கள். அந்தப் புற்றுக் காளானின் ருசிக்கு ஈடில்லை. ஆனால் கரையானோடு கூட்டுக்குடித்தனம் நடத்துவது அது. கரையான் இல்லாமல் அதைப் பெட்டிக்குள் அடைக்க வழியில்லை. சிப்பிக்கு அந்த நிபந்தனை எதுவும் கிடையாது.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதைக் குடிசைத் தொழிலாக்கியது. கூரை வேய்ந்த குடில், தரையில் மணல், சுற்றிலும் நனைத்த சாக்கு. வைக்கோலை நறுக்கி நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, கையில் பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்துவார்கள். பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரமாக ஒரு பிடி வித்து என்று மாற்றி மாற்றி அடுக்கினால் அதற்குப் பெட் என்று பெயர். பதினைந்து இருபது நாளில் பெட் முழுக்க வெளுத்துவிடும். வித்து தயாரிக்க நம்மூர்ச் சோளம். தாய் வித்து, படுக்கை வித்து என்று தலைமுறைக் கணக்கு. பல்கலைக்கழகம் வெளியிட்ட சிப்பி ரகங்களில் கோ 1, எம்.டி.யு. 1 இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

பாக் நீரிணைக்கு அப்பால் வைக்கோலுக்குப் பதில் ரப்பர் மரத்தூள் கிடைத்தது. அதோடு தவிடு, சுண்ணாம்பு, கொஞ்சம் பயற்றமா சேர்த்துப் பையில் இறுக்கி அவித்து வித்திடுவது இலங்கை முறை. ஒருவர் பையைத் தயாரித்துத் தர, இன்னொருவர் வாங்கிப் போய்த் திறந்து தண்ணீர் தெளித்து அறுவடை செய்வது அங்கே பழகிய ஏற்பாடு. யாழ்ப்பாணத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ லண்டன் வந்தவருக்கு இந்த கிட் அதிசயமாகத் தெரியவேண்டியதில்லை. ஊர்ப் பெட்டும் ஊர்ப் பையும்தான் இங்கே படம் அச்சிட்ட அட்டைக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

அட்டைக்குள் போனது காபியால். 2009-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் படிப்பை முடிக்கும் தறுவாயிலிருந்த நிகில் அரோரா, அலெஹாந்த்ரோ வெலெஸ் என்ற இரு மாணவர்கள், காபிச் சக்கையில் காளான் வளரும் என்று வகுப்பில் கேட்டார்கள். பத்து வாளிகளில் சக்கையை நிரப்பி வித்திட்டதில் ஒன்றே ஒன்று தேறியது. அந்த ஒரு வாளியிலிருந்துதான் வீட்டுக்கான அவர்களுடைய கிட் வியாபாரம் வளர்ந்தது. இங்கிலாந்தில் எக்ஸெட்டரின் குரோசைக்கிளும் பிரைட்டனின் எஸ்பிரெஸோ மஷ்ரூம் கம்பெனியும் காபிக் கடைகள் கொட்டும் சக்கையைக் கையிலெடுத்தன. சக்கைக்கு ஒரு வசதி உண்டு: கொதிநீர் பட்ட பொருள் என்பதால் வைக்கோலைப்போல வேகவைக்கும் வேலை மிச்சம். ஆனால் சூட்டோடு சூடாக வித்திடவேண்டும். ஓரிரு நாள் கிடந்தால் பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும்.

பாரிஸ் எரு, லண்டன் லத்தி, ஜெர்மன் அடிக்கட்டை, மைசூரு வைக்கோல், இலங்கை மரத்தூள், காபிக் கடைச் சக்கை. காளான் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் ஒதுக்கிப் போட்டதைத்தான் கேட்டு வாங்கியிருக்கிறது.

சவுத்தால் வீட்டுக்கு வரும்போது கிட்டின் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. வேகவைத்தல், வித்திடுதல், வாரக்கணக்கில் இழை பரவுதல் எல்லாம் கம்பெனியில் நடந்தவை. பிளாஸ்டிக்கில் கீறல் போடுவதுதான் நம் பங்கு. உள்ளே பூசணம் தானே விட்ட கரியமில வாயுவில் மூழ்கிக் கிடந்தது. கீறல் வழியே புதுக்காற்றும் வெளிச்சமும் ஈரமும் பட்டதும் மரத்தின் விளிம்புக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு காய்க்கத் தொடங்குகிறது. குண்டூசித் தலையளவு மொட்டுகள் தெரிந்துவிட்டால் பிறகு நாளுக்கு நாள் இரட்டிக்கும். காற்றோட்டம் போதாவிட்டால் தண்டு நீண்டு குடை சிறுத்துப் போகும்.

குடிலில் சாக்கை நனைத்தவர்களுக்கு வெயில் எதிரி. இங்கே ரேடியேட்டர் எதிரி. டிசம்பரில் ஜன்னலெல்லாம் சாத்தி ஹீட்டிங் போட்ட வீட்டில் காற்று வறண்டு, மொட்டுகள் பழுப்பாகிக் கருகிவிடும். ரேடியேட்டரிலிருந்து தள்ளி, நேர்வெயில் படாத மூலை போதும். காலையும் மாலையும் தெளித்தால் சாம்பல் நிறச் சிப்பி இங்கத்திய குளிரை விரும்பியே வளரும். குடையின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே கொத்தோடு திருகி எடுத்துவிட வேண்டும். ஓரம் நிமிர்ந்துவிட்டால் வித்துத்தூள் பறக்கும்; மூடிய அறையில் அது சிலருக்கு இருமல் கொடுக்கும். சிப்பியின் குடை மெல்லியது, பயணத்தில் நொறுங்கும், சீக்கிரம் நீர்த்துப்போகும். பறித்த கையோடு சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலையோடு வாணலியில் போடுவதற்காகவே கிட் வாங்கலாம். அடுத்த ஈட்டுக்குப் பெட்டியைத் திருப்பி வைப்பார்கள். மூன்றாவது ஈடு வந்தால் அதிர்ஷ்டம்.

கதை குப்பைத் தொட்டியோடு முடிந்துவிடும் என்று தோன்றும். முடிவதில்லை. கிட் விற்பவர்களிடம் மஞ்சள் சிப்பி, இளஞ்சிவப்புச் சிப்பி என்று அழகான இனங்களும் உண்டு. கோவையின் கோ 1 அந்த மஞ்சள் இனம். எம்.டி.யு. 1, இளஞ்சிவப்பின் இனத்தைச் சேர்ந்தது. மஞ்சள் சிப்பியின் தாய்மண் ரஷ்யாவின் தூரகிழக்கும் வடசீனமும் ஜப்பானும். வளர்ப்பிலிருந்து தப்பிய அது, 2010-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்கக் காடுகளில் பரவிவருகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஐஸ்வர்யா வீரபாகுவும் சக ஆய்வாளர்களும் பட்டுப்போன எல்ம் மரங்களைத் துளையிட்டுப் பார்த்தார்கள். மஞ்சள் சிப்பி குடியேறிய மரங்களில் மற்ற பூசண இனங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. ஆய்வு 2025-இல் வெளிவந்தது.

பட்ட மரம் நம் கணக்கில் கழிவு. அதற்குள் குடியிருக்கும் பூசணங்களுக்கு அதுதான் ஊர். வைக்கோலும் சக்கையும் கொடுத்து நாம் வளர்த்த ஒன்று, கேட்காமலே மரத்தையும் எடுத்துக்கொண்டது.

சாம்பல் சிப்பியிடம் இந்தப் பயம் இல்லை. பிரிட்டனின் பீச் மரங்களில் தொன்றுதொட்டு முளைக்கும் உள்ளூர்க் காளான் அது. ஓய்ந்த கட்டியை உதிர்த்துப் பின்தோட்டத்து மிளகாய்ச் செடிக்கும் தக்காளிக்கும் போடலாம், மண்ணுக்கு நல்லது. மஞ்சளும் இளஞ்சிவப்பும் வந்த ஊர் வேறு என்பதால் அவற்றை வீட்டுக்குள்ளேயே வளர்த்து, வித்துத்தூள் பறக்குமுன் பறித்து, மிஞ்சிய கட்டியைத் தோட்டத்தில் வைக்காமல் கவுன்சில் சொல்லும் தொட்டியில் போட்டு அனுப்பிவிடுவது முறை. எத்தனை ஈடு வரும் என்று பார்ப்பதற்கு முன்னால், உள்ளே இருப்பது எந்த ஊர் இனம் என்று பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.