ஆயுட்காலத் தலைமையும் அங்கத்தவர் ஆட்சேபமும்

தொண்டர் நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை நிறுவியோரின் வாழ்க்கை வரலாறாகவே எழுதப்படுகின்றது. நிறுவியவரின் தியாகம் விரிவாகப் பேசப்படும். அவருக்கெதிராகக் குரலெழுப்பிய அங்கத்தவர்களோ நன்றி மறந்தோராக இரண்டொரு வரிகளுள் ஒதுக்கப்படுவர். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தில் 1902 தொடக்கம் 1905 வரை நிகழ்ந்த தலைமைப் பிணக்கும், கிளாரா பாட்டன் என்ற மூதாட்டிக்கும் மேபெல் போட்மன் என்ற செல்வந்தப் பெண்மணிக்குமிடையே எழுந்த சச்சரவாகச் சுருக்கப்படுவதுண்டு. அவ்வாறு நோக்கின் அதன் மையக் கேள்வி மறைந்துவிடும். தொண்டர் சங்கமொன்றின் தலைமை யாருக்குப் பதில் கூறக் கடமைப்பட்டது என்பதே அக்கேள்வி.

1821இல் பிறந்த கிளாரா பாட்டன், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது போர்க்களங்களுக்கே மருந்தும் உணவும் கொண்டுசென்று புகழ்பெற்றவர். பின்னர் ஐரோப்பாவிற் செஞ்சிலுவை இயக்கத்தை அறிந்து, 1881இல் அமெரிக்கச் சங்கத்தை நிறுவினார். அவ்வேளை அவருக்கு வயது 59. போர்க்காலத்துக்கென எழுந்த அவ்வியக்கத்தைச் சமாதான காலத்து அனர்த்தங்களுக்கும் உரியதாக்கியமை அவரது தனிப்பெருஞ் சாதனையாகும். 1889இல் பென்சில்வேனியாவின் ஜோன்ஸ்டவுன் நகரை, உடைந்த அணையின் வெள்ளம் அழித்து 2,200இற்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, அவர் அங்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் தங்கிப் பணிபுரிந்தார். 1893இல் தென் கரோலினாக் கரையோரத் தீவுகளைச் சூறாவளி தாக்கியபின், பெரும்பாலும் கறுப்பின மக்களான ஏறத்தாழ 30,000 பேரின் மீட்சிக்காகப் பல மாதங்கள் உழைத்தார். அங்கு உணவு வழங்கியதோடு நில்லாது, வடிகால் வெட்டுவித்து, விதை கொடுத்து, மக்கள் மீண்டும் தமது காலில் நிற்க வழிசெய்தமை குறிப்பிடத்தக்கது. 1900இல் கால்வெஸ்டன் நகரைப் புயல் அழித்தபோதும் 78 வயதில் அவர் நேரிற் சென்றார்.

இத்துணைப் பணியும் ஒரு சிறு வட்டத்தினரைக் கொண்டே நடைபெற்றது. அனர்த்தச் செய்தி கிடைத்ததும் பாட்டன் புறப்படுவார். நன்கொடை அவர் பெயருக்கு வரும். தேவையை அவரே கண்டு அவரே செலவிடுவார். தம் சொந்தப் பணத்தையும் சங்கப் பணத்தோடு கலந்து செலவிட்டமையால், எது சங்கத்தினது, எது அவரது என்பதை அவராலேயே முற்றாகப் பிரித்துக்காட்ட இயலவில்லை. சங்கத்தின் அங்கத்தவர் தொகையும் சில நூறுக்கு மேல் வளரவில்லை. 1898இல் ஸ்பெயினுடனான போர் மூண்டபோது நியூயோர்க் அங்கத்தவர்கள் தாமே பெருநிதி திரட்டி இயங்கத் தலைப்பட்டனர். தலைமையோடு உரசலும் ஏற்பட்டது. 1900இல் கொங்கிரஸ் சங்கத்துக்குச் சட்டபூர்வமான சாசனம் வழங்கி, ஆண்டுதோறும் அறிக்கை சமர்ப்பிக்கவேண்டுமென விதித்தது. அதன்பின் பழைய குடும்ப முறைக் கணக்கு செல்லுபடியாகாது என்பதைப் பாட்டன் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

1902 டிசம்பரில் நடைபெற்ற வருடாந்தக் கூட்டத்தில் சங்கத்தின் துணைவிதிகள் மாற்றப்பட்டு, பாட்டன் ஆயுட்காலத் தலைவராக்கப்பட்டார். அவரது அதிகாரமும் விரிவாக்கப்பட்டது. (திருத்தப் பிரேரணைகள் எவ்வளவு எளிதாக நிறைவேறிவிடுகின்றன என்பதை, நமது மாணவர் சங்கங்களின் பொதுக்கூட்டங்களிற் கடைசிவரை அமர்ந்திருந்தவர் அறிவர்.) போட்மன், முன்னாள் இராஜாங்கச் செயலாளர் ஜோன் பொஸ்டர் ஆகியோரை உள்ளிட்ட சிறுபான்மையினர் இதை ஏற்க மறுத்துக் கொங்கிரஸுக்கு விண்ணப்பம் விடுத்தனர். ‘ஆட்சேபகர்’ என்ற பெயர் அவர்களுக்கு வழங்கலாயிற்று. ஒழுங்கான கணக்கும், கட்டுப்பாட்டுக்குட்பட்ட தலைமையும் அவர்தம் கோரிக்கைகள். பாட்டன் அளித்த விடை அவர்களது அங்கத்துவத்தை இடைநிறுத்தியமையாகும். கணக்குக் கேட்டோரை வெளியேற்றியதன் மூலம் அவர்களது குற்றச்சாட்டுக்குத் தாமே சான்று வழங்கினார் எனலாம். 1903இன் தொடக்கத்தில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற், தமக்கும் தமது அமைச்சரவைக்கும் சங்கத்தோடிருந்த தொடர்பை விலக்கிக்கொண்டார். அவரது சகோதரியும் போட்மனின் அணியைச் சார்ந்தவர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

1904இல் செனற்றர் ரெட்பீல்ட் புரொக்டர் தலைமையிலான குழுவொன்று விசாரணை நடத்தியது. இங்குதான் ஆட்சேபகர் வழிதவறினர். கணக்கு ஒழுங்கீனத்தை நிறுவுவதோடு அமையாது, இன்டியானா மாநிலத்தில் நன்கொடையாகக் கிடைத்த பண்ணை நிலமொன்றின் விவகாரத்தைக் கொண்டு நிதி மோசடியை நிறுவ முயன்றனர். அதற்குச் சான்று கூறிய முன்னாள் ஊழியரின் கூற்றுகள் நம்பத்தகாதனவாய்ப் போக, விசாரணை குற்றத்தீர்ப்பு எதுவுமின்றி முடிந்தது. பாட்டன் பணத்தைக் கையாடவில்லை. கணக்கை ஒழுங்காக வைக்கவுமில்லை. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாகலாம் என்பதை இரு தரப்பினரும் ஏற்க மறுத்தமையே பிணக்கின் கசப்பை மிகுவித்தது. 1904 மே மாதத்தில், 82 வயதில், பாட்டன் பதவி விலகினார். அடுத்த ஆண்டிலேயே முதலுதவிப் பயிற்சிக்கெனத் தேசிய சங்கமொன்றை நிறுவிய அவர் 1912இற் காலமானார்.

ஆட்சேபகரின் வெற்றி அங்கத்தவரின் வெற்றியாயிற்றா? 1905 ஜனவரி 5ஆந் திகதிய புதிய சாசனம் சங்கத்தின் கணக்கைப் போர்த் திணைக்களத்தின் பரிசோதனைக்கு உட்படுத்தியது. அது பெரும் பேறே. ஆனால், 18 பேர் கொண்ட மத்திய குழுவில் அறுவரையும், அவர்களுள் ஒருவரைத் தவிசாளராகவும் நியமிக்கும் உரிமை நாட்டின் ஜனாதிபதிக்கு அளிக்கப்பட்டது. மாநிலச் சங்கங்களுக்கு அறுவரைத் தெரிவுசெய்யும் உரிமை மாத்திரமே கிடைத்தது. வில்லியம் ஹவாட் டாஃப்ற் தலைவரானார். போட்மன் உயர்பதவி எதனையும் ஏற்காமலே பல்லாண்டுகள் சங்கத்தை நடத்தினார். ஆண் ஒருவரின் தலைமையையே பொதுமக்கள் நம்புவர் என்பது அவரது கருத்து. தனியொருவரின் ஆட்சியை எதிர்த்தவர், பதவியில்லாத தனியாட்சியொன்றை அமைத்தார் என்பது சற்றுக் கடுமையான கூற்றாயினும் முற்றிலும் பொய்யன்று. முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1917இல், ஜனாதிபதி வில்சன் நியமித்த போர்ச் சபையின் தலைமை வங்கியாளர் ஹென்றி டேவிசனிடம் சென்றது. 1918இல் வளர்ந்தோர் அங்கத்துவம் ஏறத்தாழ இரண்டு கோடியை எட்டியது. தலைமையைத் தெரியும் உரிமையோ அவ்விரண்டு கோடியினரிடம் இருக்கவில்லை.

1947இலேயே சாசனம் மீண்டும் திருத்தப்பட்டு, 50 பேர் கொண்ட ஆளுநர் சபையில் 30 பேரை உள்ளூர்க் கிளைகள் தெரிவுசெய்யும் முறை வந்தது. பாட்டன் விலகி அப்போது 43 ஆண்டுகள் கழிந்துவிட்டன. போட்மன் அதற்கு முந்திய ஆண்டிற் காலமாகியிருந்தார்.