ஆப்பிரிக்கச் செர்ரி மரப்பட்டை அறுவடை

ஆப்பிரிக்கச் செர்ரி (தாவரவியல் பெயர்: புரூணஸ் ஆப்பிரிக்கானா) என்பது ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பசுமைமாறா மரமாகும். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளின் மலைக்காடுகளிலும் மடகாசுகரிலும் இது இயற்கையாக வளர்கிறது. முன்னர் பைஜியம் ஆப்பிரிக்கானம் என அழைக்கப்பட்ட இவ்வினம், 1965ஆம் ஆண்டில் புரூணஸ் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. மருந்துக்காகப் பட்டை உரிக்கப்படுவதே இம்மரங்கள் குறைந்து வருவதற்கு முதன்மைக் காரணமாகும்.

பயன்பாடும் வணிகமும்

ஆப்பிரிக்க மக்கள் காய்ச்சல், வயிற்றுவலி முதலியவற்றுக்கு இப்பட்டையை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். முதிய ஆண்களுக்கு ஏற்படும் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்திற்குப் பட்டைச் சாற்றைப் பயன்படுத்தும் முறைக்கு 1966ஆம் ஆண்டில் காப்புரிமை பெறப்பட்டது. இதனால் ஐரோப்பாவில் தேவை பெருகியது. 1970களில் கமரூனில் பெருமளவு அறுவடை தொடங்கியது. தொடக்கத்தில் பிளாண்டேகாம் என்னும் ஒரே நிறுவனம் இதில் ஈடுபட்டது. 1980களின் நடுப்பகுதியில் பிற வணிகர்களுக்கும் உரிமம் வழங்கப்பட்டதால் போட்டியும் கட்டுப்பாடற்ற வெட்டும் மிகுந்தன. அந்நிறுவனத்தின் முட்டெங்கேனே ஆலை 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

மரத்திற்கு ஏற்படும் பாதிப்பு

இலைகளில் உருவாகும் உணவு, பட்டையின் உட்பகுதியிலுள்ள உரியம் (புளோயம்) வழியாக வேர்களைச் சென்றடைகிறது. அதற்கு உட்புறத்திலுள்ள மாறிழையம் (கேம்பியம்) புதிய பட்டையை உருவாக்குகிறது. பட்டையைச் சுற்றிலும் உரித்தால் வேர்கள் உணவின்றி நலிவடைந்து மரம் மடிகிறது. ஓரளவு உரித்தால் இம்மரம் பட்டையை மீண்டும் வளர்க்க வல்லது. எனினும் மாறிழையம் காயமுற்றாலோ இடைவெளியின்றி உரிக்கப்பட்டாலோ பூச்சிகளும் பூஞ்சைகளும் தாக்கி, கிளைநுனிகள் காய்ந்து போகின்றன.

இனத்தொகைக்கு ஏற்படும் பாதிப்பு

மிகுந்த பட்டை தருபவை பெரிய மரங்களே. மிகுதியாக விதை தருபவையும் அவையே. அவை மடியும்போது அடுத்த தலைமுறைக்கான விதைகள் குறைகின்றன. விதைகள் விரைவில் முளைப்புத்திறனை இழப்பதால் மண்ணில் நெடுநாள் சேமிப்பாக இருப்பதில்லை. மலைதோறும் தனித்திருக்கும் கூட்டங்கள் மரபியல் அடிப்படையில் வேறுபட்டவை. ஆகவே ஒரு மலையில் இம்மரம் அழிந்தால் அங்குள்ள மரபு வேறுபாடும் மறைகிறது. கனிகளை உண்ணும் பறவைகளும் குரங்குகளும் உணவை இழக்கின்றன.

பாதுகாப்பு நடவடிக்கைகள்

இவ்வினம் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகம் குறித்த சைட்டிஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இது 1995ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஏற்றுமதிக்கு அனுமதிச் சான்று தேவை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1998ஆம் ஆண்டில் இதனை அழிவாய்ப்பு இனமாக மதிப்பிட்டது.

கமரூனில் பரிந்துரைக்கப்பட்ட முறையின்படி, 30 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள மரங்களில் மட்டும், எதிரெதிராக உள்ள இரு கால்பகுதிகளில் பட்டை உரிக்கப்பட வேண்டும். சில ஆண்டுகள் கழித்து எஞ்சிய இரு கால்பகுதிகளில் உரிக்கலாம். நான்கைந்து ஆண்டுகள் என முதலில் கருதப்பட்ட இந்த இடைவெளி போதாதெனப் பின்னர் உணரப்பட்டது. மேலும், களத்தில் இவ்விதி பலவிடங்களில் மீறப்பட்டு, மரங்கள் முழுமையாக உரிக்கப்பட்டன அல்லது வெட்டி வீழ்த்தப்பட்டன.

2007ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் கமரூனிலிருந்து பட்டை இறக்குமதியை நிறுத்தி வைத்தது. இதனால் மரங்களுக்கு ஓய்வு கிடைத்தபோதிலும், பட்டையை நம்பியிருந்த மலைவாழ் மக்களின் வருமானம் தடைப்பட்டது. மரங்களைக் கணக்கெடுத்து மேலாண்மைத் திட்டங்கள் வகுக்கப்பட்ட பின்னர் ஏற்றுமதி மீண்டும் தொடங்கியது. விளைநிலங்களில் இம்மரத்தை நட்டு வளர்ப்பதும் ஊக்குவிக்கப்படுகிறது. ஆயினும் நட்ட மரம் பட்டை தரப் பல ஆண்டுகள் ஆவதால், அதுவரை காட்டு மரங்களின் மீதான அழுத்தம் நீடிக்கிறது.