தோட்டத்து ஆஸ்பத்திரி முதல் ஒரு வெள்ளிக் கட்டணம் வரை



நம் ஜொகூர் மாநிலத்தில் லாபிஸ், குளுவாங், கூலாய் என எப்பக்கம் சென்றாலும் நம் பாட்டன்மார் பால்மரம் வெட்டிய தோட்டங்கள் உண்டு. அவர்கள் காய்ச்சலில் படுத்தபோது மருத்துவச் செலவை ஏற்றவர் யார்? நம்மில் பலர் எண்ணிப் பாராத கேள்வி இது.

1911ஆம் ஆண்டில் கூட்டரசு மலாய் மாநிலத் தோட்டங்களில் 1000 தொழிலாளருக்கு ஏறத்தாழ 63 பேர் மாண்டனர். மலேரியாவே பெருங்காரணம். மறு ஆண்டில் வந்த தொழிலாளர் சட்டம், மருத்துவ வசதி அளிப்பதை முதலாளியின் கடமையாக்கியது. அக்கூட்டரசில் சேராத ஜொகூரிலும் பின்னர் இதையொட்டிய சட்டம் வந்தது. தனியே மருத்துவமனை கட்ட இயலாத சிறு தோட்டங்கள் பல சேர்ந்து, செலவைப் பகிர்ந்து, கூட்டு மருத்துவமனை நடத்தின. மருத்துவர் அவ்வப்போது வந்து போவார். அன்றாடம் நோயாளியைப் பார்த்தவர் ‘டிரசர்’ என்று நம்மவர் அழைத்த உதவியாளரே. பெரட்டில் ‘கொய்னா’ கொடுத்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இஃது இரக்கத்தால் மட்டும் வந்ததன்று. 1901இல் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார் மருத்துவர் மால்கம் வாட்சன். வடிகாலுக்கு இடும் பணம், ஆள் இழப்பைத் தடுத்து மீண்டு வரும் என்பதைத் தோட்டத்துரைமார் மெல்ல உணர்ந்தனர்.

ஆயினும் ஒருவர் கையையே நம்பிய ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. ரப்பர் விலை ஏறினால் மருந்தும் வரும், விலை வீழ்ந்தால்? 1930களின் தொடக்க மந்தத்தில் தொழிலாளர்களே பல்லாயிரக்கணக்கில் தமிழகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி, அரசு வேறொரு வழியை வகுத்தது. 50,000 பேருக்கு ஒரு பெரிய சுகாதார நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி மருந்தகம் என்பதே அத்திட்டம். செலவு பொதுப்பணம். மருத்துவச்சி அக்கிராமத்திலேயே குடியிருந்தார். பிற்காலத்தில் இம்மூன்றடுக்கு இரண்டடுக்காக மாற்றப்பட்டது. இன்றைய ‘கிளினிக் டேசா’ அதன் வழிவந்ததே.

ஆனால் தோட்டம் தனியார் நிலமாயிற்றே! கிராமத்துக்கு வந்த வசதிகள் பல, தோட்டத்து வாயிலிலேயே நின்றுவிட்டன. வரி கட்டிய நம்மவர், அதன் பலனை நெடுநாள் வெளியில் நின்றே பார்த்தனர்.

இன்று குடிமக்கள் அரசு மருந்தகத்தில் ஒரு வெள்ளி செலுத்தினால் மருத்துவம் கிடைக்கிறது. எஞ்சிய செலவை நாட்டு மக்கள் அனைவரும் சுமக்கிறோம். அந்த ஒரு வெள்ளியின் பின்னே பெருங்கூட்டுழைப்பு இருப்பதை நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று தோட்டங்களில் உழைப்போரில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு அந்த ஒரு வெள்ளிக் கட்டணம் இல்லை. பன்மடங்கு செலுத்த வேண்டும். நம் பாட்டன்மார் நின்ற அதே வாயிலில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

சிந்திப்போம். மீண்டும் சந்திப்போம்.