சுழியம் தொலைந்த பட்டியல்: தரவு இறக்குமதிப் பிழைகளின் வரலாறு



2012-ஆம் ஆண்டு மே மாதம். எங்கள் பள்ளியில் நூல் வாசிப்புத் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மொத்தம் 214 மாணவர்கள். மார்ச் 31-க்குள் ஒவ்வொருவரும் ஒரு நூலைப் படித்து முடித்துச் சுருக்கம் எழுதித் தர வேண்டும். விரிதாளில் கிடந்த விவரங்களைத் திட்டக் கண்காணிப்பு மென்பொருள் ஒன்றில் ஏற்றிவிட்டால், எந்த மாணவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும் என்றார்கள். ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. கோப்பைக் கொடுத்தால் மென்பொருளே மொத்தமாக இறக்குமதி செய்துகொள்ளும். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

முதல் முயற்சியில் ஒரு மாணவர்கூட ஏறவில்லை. ‘அடையாள எண் 12 இலக்கம் இல்லை’ என்ற செய்தியே 214 முறை வந்தது.

நம் நாட்டு அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிப்பவை. அவ்வாண்டு பள்ளியிலிருந்த பிள்ளைகள் அனைவரும் 2000 முதல் 2005 வரை பிறந்தவர்கள். ஆகவே எல்லாருடைய எண்ணும் சுழியத்தில் தொடங்கியது. பெயர்ப்பட்டியல் கோப்பை எக்செலில் திறந்த கணமே அது முன்னிற்கும் சுழியங்களை நீக்கிவிட்டது. கீழ்வகுப்பு மாணவர்களுக்கு 11 இலக்கம் எஞ்சியது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பருக்குள் பிறந்த ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மாதத்தின் சுழியமும் சேர்ந்து போய், 9 இலக்கமே மிஞ்சியது.

இதை மென்பொருளின் முட்டாள்தனம் என்று அன்று திட்டினேன். பின்னர் வரலாற்றைப் படித்தபோது அதன் நியாயம் விளங்கிற்று. 1979-இல் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்க்ஸ்டன் ஆகிய இருவரும் உருவாக்கிய விசிகால்க்தான் தனிக்கணினிகளுக்கான விரிதாள்களின் மூதாதை. கணக்கு ஏட்டின் வேலையைச் செய்யவே அது பிறந்தது. கணக்கருக்கு 007 என்பதும் 7 என்பதும் ஒன்றே. அடையாள எண்ணோ உண்மையில் எண்ணே அன்று. இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர். அதைக் கூட்டவும் பெருக்கவும் எவருக்கும் தேவையில்லை. அந்த வேறுபாட்டை விரிதாளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்: எக்செலில் கோப்பை நேரே திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து, அந்த நிரலை ‘உரை’ எனக் குறிக்க வேண்டும்.

சுழியத்தைச் சரிசெய்து மீண்டும் ஏற்றினேன். இம்முறை ஏறத்தாழப் பாதி வரிகள் ஏறின. நிராகரிக்கப்பட்டவற்றைப் பார்த்தால், நூலை முடித்த தேதி 13-ஆம் நாளோ அதற்குப் பின்னோ உள்ளவையாக இருந்தன. மென்பொருள் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலிலும் நாளை அடுத்தும் எதிர்பார்த்தது. பதின்மூன்றாம் மாதம் என ஒன்று இல்லையல்லவா? அதனால் மறுத்துவிட்டது. காரணம் புரிந்தது, ஆனால் நான் செய்த தவறு அதற்குப் பிறகுதான். மறுக்கப்பட்ட வரிகளை மட்டும் கையால் திருத்தி ஏற்றினேன். ஏற்றுக்கொள்ளப்பட்டவை சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

மறுநாள் மென்பொருள் தந்த ‘காலம் கடந்தவர்கள்’ பட்டியலை வகுப்பில் வாசித்தேன். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “டீச்சர், நான் மார்ச் மாதமே கொடுத்துவிட்டேனே” என்றாள். நான், “கணினி பொய் சொல்லாது, உட்கார்” என்றேன். அவள் உட்கார்ந்தாள். அந்த வேளை முழுவதும் தலை நிமிரவில்லை.

அவள் முடித்த தேதி 05/03. மார்ச் 5 என நான் எழுதியதை மென்பொருள் மே 3 எனப் படித்திருந்தது. மாலையில் வேறொரு மாணவன் ஜூலை 2 அன்று, அதாவது இன்னும் வராத நாளில், நூலை முடித்துவிட்டதாகத் திரை காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த நாள் அதே வகுப்பில், அதே இடத்தில் நின்று, திருத்திய பட்டியலை வாசித்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை எழுதுவதற்கு 1988-இலேயே ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் அனைத்துலகத் தரம் வந்துவிட்டது. 2012-03-05 என்று எழுதியிருந்தால் எந்த மென்பொருளும் குழம்பியிராது. நாம் அறியாமல் இருந்தோம்.

மொத்தமாகத் தரவு ஏற்றும் வேலை கணினிக்கும் மூத்தது. 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹோலரித் துளையிட்ட அட்டைகளையும் அவற்றை எண்ணும் பொறியையும் கொடுத்தார். அட்டை ஒவ்வொன்றும் பதிவானதும் பொறியில் மணி ஒலிக்கும். மணி ஒலிக்காத அட்டையை எடுத்துத் தனியே வைக்கலாம். ஆனால் தவறான இடத்தில் துளையிட்ட அட்டைக்கும் மணி ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். எனக்கு நேர்ந்ததும் அதுவே.

காற்புள்ளியால் பிரித்து எழுதும் சி.எஸ்.வி. கோப்பு முறையை 1972-இலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் ஃபோர்ட்ரான் நிரல்மொழி ஏற்றது. எனினும் அதற்கான பொது வரையறை எழுத்தில் வந்தது 2005-இல்தான். இடைப்பட்ட 33 ஆண்டுகளில் ஒவ்வொரு மென்பொருளும் தன் விருப்பப்படி எழுதியது. முகவரியில் காற்புள்ளி வந்து, அதைச் சுற்றி மேற்கோள்குறி இல்லையென்றால், வீட்டு எண் ஒரு நிரலிலும் தாமான் பெயர் அடுத்த நிரலிலும் போய் விழும். இது கண்ணுக்குத் தெரியும் பிழை, திருத்துவதும் எளிது.

தமிழ்ப் பெயர்கள் பட்ட பாடு வேறு. நற்சான்றிதழுக்காக நான் ஒரு நிரலில் பிள்ளைகளின் பெயர்களைத் தமிழிலும் சேர்த்திருந்தேன். கோப்பைச் சேமித்து மீண்டும் திறந்தால் 214 வரிகளிலும் கேள்விக்குறிகள்!

1963-இல் வந்த ஆஸ்கி குறிமுறையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழைக் கணினியில் எழுத விரும்பியவர்கள் தத்தம் எழுத்துருவுக்கு ஏற்பக் குறிமுறைகளை அமைத்துக்கொண்டார்கள். ஒருவர் அனுப்பிய மடலை மற்றவர் படிக்க முடியாத காலம் அது. சிங்கப்பூரில் கணியனை உருவாக்கிய நா. கோவிந்தசாமி, நம் நாட்டில் முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் முதலியோரின் உழைப்பு இக்காலத்தைச் சார்ந்தது. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் கூடிய மாநாடுகள் தரப்படுத்தலைப் பேசின. திஸ்கி, டாப் எனத் தரங்கள் பிறந்தன. 1991-இலேயே ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழ் இடம்பெற்றிருந்தும், அது நம் மேசைக்கு வந்து சேர ஆண்டுகள் பிடித்தன. நான் பயன்படுத்திய எக்செலோ, சி.எஸ்.வி. ஆகச் சேமிக்கும்போது பழைய மேலைக் குறிமுறைக்கே திரும்பியது. அதில் தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி இட்டது. ஒருங்குறியில் சி.எஸ்.வி. சேமிக்கும் தெரிவு எக்செல் 2016 காலத்தில்தான் சேர்ந்தது.

இங்கே ஒன்றை ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்ப் பெயருக்குப் பதிலாகத் தலையில் சாய்கோடு போட்ட ஐரோப்பிய ‘ஏ’ எழுத்தும் விந்தைக் குறிகளும் வரிசையாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். தரவு பத்திரமாக இருக்கிறது; படிக்கும் முறைதான் தவறு. யு.டி.எஃப்-8 எனக் குறிப்பிட்டுத் திறந்தால் தமிழ் மீண்டு வரும். கேள்விக்குறி வந்து சேமிக்கப்பட்டுவிட்டாலோ அந்தக் கோப்பில் பெயர் இல்லவே இல்லை. மூலக்கோப்புக்குத்தான் போக வேண்டும். நல்லவேளையாக நான் அதை அழிக்கவில்லை.

அதன் பிறகும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. கார்த்திகேயன் என்னும் பெயரில் நம் கண்ணுக்கு ஏழு எழுத்துகள். ஒருங்குறி அதைப் புள்ளி, கொம்பு உட்பட 13 குறிகளாகச் சேமிக்கிறது. யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. ஆக 39 பைட்டு. பெயருக்கு 30 பைட்டு ஒதுக்கிய கட்டத்தில் அது ‘கார்த்திகே’ என்று நின்றுவிடும். எந்தச் செய்தியும் வராது. ஆங்கிலத்தில் முப்பது எழுத்துக்கு இடமளிக்கும் கட்டம் தமிழில் ஒரு பெயருக்கே போதவில்லை!

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, ஆய்வகங்கள் அனுப்பிய கோவிட் முடிவுகளைப் பழைய எக்செல் கோப்பு வடிவில் ஏற்றியது. அவ்வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றுகள் உரிய நாளில் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமாயிற்று. அதே ஆண்டில் மரபணுப் பெயர்க் குழு, எக்செல் தேதியாக மாற்றிவிடும் மரபணுக் குறியீடுகளுக்கு வேறு பெயர் சூட்டியது; ‘மார்ச் 1’ என்றிருந்தது ‘மார்ச்எஃப் 1’ ஆனது. விரிதாளுக்கு அஞ்சி அறிவியலார் பெயரை மாற்றினார்கள்! இத்தகைய தானியங்கி மாற்றங்களை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-இல் சேர்த்தது.

இப்போதெல்லாம் எந்தப் பட்டியலையும் முழுதாக ஏற்றுவதற்குமுன் ஐந்தே வரிகளை அனுப்பிப் பார்க்கிறேன். மிக நீண்ட தமிழ்ப் பெயர், ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ என்னும் சாய்கோடு உள்ள பெயர், காற்புள்ளி மிகுந்த முகவரி, சுழியத்தில் தொடங்கும் எண், 12-க்கு உட்பட்ட நாளைக் கொண்ட தேதி ஆகியவை அவற்றில் இருக்கும். ஏற்றியபின் வரிகளை எண்ணி மூலத்தோடு ஒப்பிடுகிறேன். பிறகு பட்டியலை அச்சிட்டு வகுப்பில் சுற்றுக்கு விடுகிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் வரியைத் தானே படித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். சென்ற முறை இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் பெயரில் ஒரு ‘ன்’ குறைவதைக் கண்டுபிடித்தான்.