ஒளிரும் பற்றீரியாக்களும் ‘கூட்டநடப்பெண்’ணும்

கடல்நீரிற் பரவலாக அலையும் விப்ரியோ பிசெரி என்னும் பற்றீரியா கண்ணுக்குப் புலப்படும் ஒளியைத் தருவதில்லை. ஹவாய்த் தீவுகளில் வாழும் சிறு கணவாய் இனமொன்றின் ஒளியுறுப்பினுள் ஒன்றியவாழ்வு நடத்தி, நெருங்கிப் பெருகும்பொழுதே அது ஒளிர்கின்றது. இவ்வேறுபாடு விளக்கப்பட்ட வரலாற்றை, விஞ்ஞானத்திற் சொற்கள் ஆற்றும் பணியையும் மனங்கொண்டு நோக்குவோம்.

1968இல் கெம்ப்னரும் ஹான்சனும் ஒரு விளக்கம் தந்தனர். புதிய வளர்ப்பூடகத்தில் ஒளியாக்கத்தைத் தடுக்கும் பொருள் உண்டு; வளரும் பற்றீரியாக்கள் அதனை அகற்றியதும் ஒளி தோன்றுகின்றது என்றனர். 1970இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல்சன், பிளாற், ஹேஸ்ரிங்ஸ் ஆகியோர், பற்றீரியாக்கள் முன்னரே வளர்ந்திருந்த ஊடகத்திற் புதியவற்றை இட்டபோது ஒளி முந்தித் தோன்றியதைக் காட்டினர். தடை நீங்குவது மாத்திரம் போதாது. பற்றீரியாக்கள் தாமே வெளிவிடும் பொருளொன்று திரண்டு, குறித்த செறிவை எட்டியதும் ஒளியாக்க நொதியத்துக்குரிய பரம்பரையலகுகள் தொழிற்படுகின்றன. அப்பொருளின் அமைப்பு 1981இல் வெளியாயிற்று. 1983இல் எங்கபிரெக்ற், நீல்சன், சில்வர்மன் ஆகியோர் உரிய பரம்பரையலகுகளை ஈ. கோலை பற்றீரியாவிற் புகுத்தி அதனையும் ஒளிரச் செய்தனர். லக்ஸ்-ஐ என்னும் பரம்பரையலகு சைகை மூலக்கூறு ஆக்கப்படுவதற்குக் காரணமாகின்றது. லக்ஸ்-ஆர் தரும் புரதம் அம்மூலக்கூறோடு இணைந்து ஒளிப் பரம்பரையலகுகளைத் தூண்டுகின்றது. தூண்டப்படுவனவற்றுள் லக்ஸ்-ஐயும் ஒன்று. ஆகவே தொடங்கிய மாற்றம் தன்னைத் தானே விரைவுபடுத்துகின்றது.

அளவு மாற்றம் பண்பு மாற்றமாதல் பற்றி ஏங்கல்ஸ் எழுதியவை இவ்விடத்து முற்போக்காளர் நினைவுக்கு வருதல் இயல்பு. எமக்கும் வந்தன. ஆயினும், அவ்விதியிலிருந்து எவரும் லக்ஸ்-ஆரை வருவிக்கவில்லை. ஆய்வுகூடமே அதனைத் தந்தது. 1948இல் மொஸ்கோவில் லைசென்கோ தரப்பினர் கோட்பாட்டின் பேரால் பிறப்புரிமையியலை நிராகரித்தனர். அதன் விலையைச் சோவியத் உயிரியல் பல்லாண்டு செலுத்தியது. இதனை மறைத்துவிட்டு நாம் இயக்கவியல் பேசுதல் தகாது.

1994இல் ஃபூக்குவா, வினன்ஸ், கிறீன்பேர்க் ஆகியோர் இச்செயன்முறைக்குக் ‘கூட்டநடப்பெண்ணை உணர்தல்’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். சபை விதியிலிருந்து பெற்ற உருவகம் இது. பயனுடையதே, எனினும் பற்றீரியா தன்னினத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. அது உணர்வது மூலக்கூறின் செறிவையே. அடைபட்ட இடத்திற் சிலவே இருப்பினும் செறிவு உயரலாம். ஓடும் நீரிற் பல இருப்பினும் உயராதிருக்கலாம். 2002இல் றோஸ்மேரி றெட்ஃபீல்ட் முன்வைத்த வாதமும் இப்பரவலைப் பற்றியதே. அன்றியும், கணவாய் விடியற்காலந்தோறும் தன் ஒளியுறுப்பிலிருந்து பற்றீரியாக்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தை வெளியேற்றிவிடுகின்றது. எஞ்சியவை பெருகி இரவில் மீண்டும் ஒளிர்கின்றன. கூட்டத்தை நாள்தோறும் கலைக்கும் இவ்விருந்தோம்பிக்குக் ‘கூட்டநடப்பெண்’ என்னும் சொல்லில் இடமில்லை.