ஹேராவின் காணிக்கைகள்: சாமோஸ் தொல்லியல் அருங்காட்சியகம்

ஏஜியன் கடலின் கிழக்கோரத்தில், துருக்கிக் கரையிலிருந்து குறுகலான ஒரு நீரிணையால் மட்டுமே பிரிந்து கிடக்கிறது சாமோஸ் தீவு. அதன் தலைநகரான வாதியில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தின் சிறப்பான பொருள்கள் பெரும்பாலும் ஓரிடத்திலிருந்தே வந்தவை. தீவின் தென்கரையில், இம்ப்ராசோஸ் ஆறு கடலில் கலக்கும் தாழ்நிலத்தில் இருந்த ஹேரா தேவியின் கோயில்தான் அது. ஜெர்மானியத் தொல்லியலாளர்கள் 1910 முதல், போர்க்கால இடைவெளிகள் நீங்கலாக, அங்கே அகழ்ந்து வந்துள்ளனர்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ரோய்க்கோஸ், தியோடோரோஸ் என்ற கட்டடக் கலைஞர்கள் எழுப்பிய கோயில் சுமார் 100 மீட்டர் நீளம் கொண்டது. அது நெடுங்காலம் நிற்கவில்லை. அடுத்து இன்னும் பெரிதாகத் தொடங்கிய கோயிலோ முழுமை பெறவே இல்லை. அதில் இன்று நிமிர்ந்து நிற்பது ஒற்றைத் தூண்.

கட்டடம் போனாலும் காணிக்கைகள் தப்பின. தெய்வத்துக்குக் கொடுத்ததை எடுத்துச் செல்லக் கூடாது என்பது கிரேக்க வழக்கம். இடம் போதாதபோது பழையவற்றை வளாகத்துக்குள்ளேயே புதைத்தார்கள். கிரேக்க நாட்டில் பண்டைய மரப்பொருள்கள் கிடைப்பது அரிது. சாமோஸிலோ நிலத்தடி ஈரம் காற்றை அண்டவிடாததால், கி.மு. 7ஆம் நூற்றாண்டின் மர உருவங்களும் சிறு படகுகளும் அழியாமல் கிடைத்தன. கலை வரலாற்றுக்குப் பளிங்கைவிட இந்தச் சேற்று மரங்களே அரிய வரவு எனலாம்.

சாமோஸ் மக்கள் கடலோடிகள். எகிப்து, பினீசியா, அசீரியா, பாபிலோன் எனப் பல நாட்டு வெண்கலமும் தந்தமும் இங்கே வந்து சேர்ந்தன. குதிரையின் நெற்றியில் அணிவிக்கும் வெண்கலத் தகடு ஒன்றில், கி.மு. 9ஆம் நூற்றாண்டின் டமாஸ்கஸ் மன்னன் ஹசாயேலின் பெயர் அரமேய எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அது எத்தனை கை மாறி ஹேராவிடம் வந்ததோ! கோலாயோஸ் என்ற சாமோஸ் மாலுமி ஸ்பெயினின் டார்டெசோஸ்வரை சென்று ஈட்டிய லாபத்தில் பத்தில் ஒரு பங்கைச் செலவிட்டு, கிரிஃபின் என்னும் கற்பனை விலங்கின் தலைகள் பதித்த பெரிய வெண்கலக் கலத்தைக் கோயிலுக்கு அளித்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அந்தக் கலம் கிடைக்கவில்லை. ஆனால் கழுகு அலகும் நிமிர்ந்த காதுகளும் கொண்ட வேறு பல கிரிஃபின் தலைகளை அருங்காட்சியகத்தில் காணலாம்.

நகரையும் கோயிலையும் இணைத்த புனித வழியில் 1980இல் வெளிப்பட்டது, எஞ்சியுள்ள கூரோஸ் சிலைகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. சுமார் 5 மீட்டர் உயரமுள்ள இந்த நிர்வாண இளைஞன் சிலை கி.மு. 580ஐ ஒட்டிய காலத்தது. ரேசிஸின் மகன் இஸ்கேஸ் இதைக் காணிக்கையாக்கினான் என்ற வாசகம் இடது தொடையில் வெட்டப்பட்டுள்ளது. முகம் சில ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. 1912இல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் பழைய கட்டடம் இந்தச் சிலைக்குப் போதவில்லை. 1987இல் திறந்த புதிய கட்டடத்தில் அதன் உயரத்துக்கேற்ற கூடம் அமைந்தது.

அதே வழியோரத்தில், கி.மு. 560ஐ ஒட்டி, ஒரே பீடத்தில் ஒரு குடும்பத்தின் ஆறு உருவங்கள் நின்றன. ஒரு முனையில் அமர்ந்திருப்பவள் ஃபிலேயா. இவற்றைச் செதுக்கிய சிற்பி கெனிலியோஸின் பெயரைத் தாங்குவது அவள் உருவமே. மறுமுனையில் சாய்ந்திருக்கும் உருவத்தின் பெயர் பாதி சிதைந்துவிட்டது. நடுவில் நின்றவர்களில் ஃபிலிப்பே வாதியில் இருக்கிறாள். ஓர்னித்தே பெர்லினுக்குப் போய்விட்டாள். கேராமுயேஸ் என்பவன் ஹேராவுக்கு அளித்த, தலையில்லாத புகழ்பெற்ற பெண் சிலையும் 1875இல் கண்டெடுக்கப்பட்டுப் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. கெனிலியோஸ் செதுக்கிய குடும்பம் நின்ற புனித வழியோரத்தில் இப்போது இருப்பவை வார்ப்புப் பிரதிகளே.